பழைய கிட்டாருக்கு உப்புத்தாள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைக்கருவிகளைப் பராமரிப்பது பற்றி சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றக் கருவிகளைப் பற்றி எழுதியதில் குறை சொல்ல எனக்கு விவரம் போதாது. கிட்டாருக்கு ஒதுக்கியிருந்த அந்த ஒரு பத்திதான் உறுத்துகிறது. விரிசல் விட்ட கிட்டாரைச் சுவரில் அழகுக்கு மாட்டிவிடலாம், மங்கிப்போனதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் அடிக்கலாம், கம்பி உயர்ந்து போயிருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம் என்று மூன்று யோசனைகள். இவற்றை நம்பி யாராவது பரணிலிருந்து ஒரு நல்ல கிட்டாரை இறக்கிப் பாழாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1938-ஆம் ஆண்டு செய்த 0-17 என்ற மாடல் கிட்டார். வருடம் என் ஊகம் அல்ல. ஒலித்துளைக்குள் டார்ச் அடித்தால், கழுத்து வந்து சேரும் கட்டையில் மாடல் பெயரும் எழுபதாயிரத்துச் சொச்சம் என்று ஒரு வரிசை எண்ணும் குத்தியிருப்பது தெரியும். கம்பெனியின் பட்டியலில் அந்த எண் 1938-க்குள் விழுகிறது. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா, கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து வாங்கி வந்தது. மேல்பலகை, பக்கம், முதுகு எல்லாமே மகோகனி. ஓரப்பட்டை கிடையாது, சிப்பி வேலைப்பாடு கிடையாது. அந்நாளிலேயே அது கம்பெனியின் மலிவுச் சரக்குதான். அகலமான இடத்தில் அளந்தால் 13½ அங்குலம். இப்போது எங்கும் காணும் ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்பு வகை 15½ அங்குலத்தைத் தாண்டும். ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் ஒரு கணம் திகைத்து, உள்ளே ஏதாவது கழன்று போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். இதில் வேடிக்கை, நாம் குட்டி என்று சொல்லும் இந்த 0 அளவுக்கு அக்காலத்தில் 'கான்சர்ட்' அளவு என்று பெயர். பிறகு கிட்டார்கள்தான் ஊதிப்போயின. மார்ட்டின் தன் பெயரில் ட்ரெட்நாட் செய்ய ஆரம்பித்ததே 1931-இல்தான்.

சின்ன உடம்புக்குக் குரலும் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டிக்குள் காற்று குறைவு என்பதால் அடித்தொண்டைக் கார்வை குறைகிறது, உண்மைதான். ஆனால் பலகை மெலிசு, அடியில் ஒட்டியிருக்கும் பிரேஸ் சட்டங்கள் நடுவில் குடைந்து இளைக்கப்பட்டவை. அதனால் விரல் பட்டதுமே பேசிவிடும். ஆறு கம்பியும் ஆறு பேர் மாதிரி தனித்தனியாகக் கேட்கும். நாதம் நீளமாக இழுக்காது, சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். விரலால் மீட்டுகிறவர்களுக்கு அதுதான் வசதி. பிக் என்ற சிறு வில்லையை வைத்து ஓங்கி அடித்தால் மட்டும் திணறிவிடும். ஒரு முறை பாட்டுக்குழுவில் ஐந்து ட்ரெட்நாட்டுகளுக்கு நடுவே இதைக் கொண்டுபோய் உட்கார்ந்தேன். நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. அதே கிட்டாரை ஒரு மைக் முன்னால் தனியாக வைத்தபோது, பதிவு செய்தவர் எந்தத் திருகையும் தொடவில்லை.

சரி, விரிசலுக்கு வருகிறேன். என் கிட்டாரில் மூன்று விரிசல். ஒன்று, பிக் உரசாமல் பலகையைக் காக்கும் பிக்கார்டு தகட்டின் ஓரமாக ஓடுகிறது. அந்தக்கால பிக்கார்டு செல்லுலாய்டு. அதை வெறும் மரத்தின் மீதே ஒட்டிவிடுவார்கள். வருஷங்கள் போகப்போக செல்லுலாய்டு சுருங்கும், கூடவே மரத்தையும் இழுக்கும், ஓரத்தில் பலகை பிளக்கும். அந்த வயதுக் கிட்டார்களில் இது தலையில் நரை விழுவது போல. மற்ற இரண்டும் பக்கப்பலகையில், காற்று வறண்டு மரம் சுருங்கியதால் வந்தவை. மூன்றையும் பசை விட்டு மூடி, உள்பக்கம் விரிசலுக்குக் குறுக்காக நகத்தளவு மரச்சில்லுகள் ஒட்டியிருக்கிறார்கள். வெளியே கோடு தெரியும். ஒலியில் ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டியது ஒட்டாமல் விட்ட விரிசலுக்கும், உள்ளே பிரேஸ் விட்டுப்போனதற்கும்தான். விரல் முட்டியால் பலகையை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் 'கடகட' என்று சத்தம் வந்தால் அங்கே ஒரு சட்டம் கழன்றிருக்கிறது.

பாலிஷ் விஷயம் இன்னும் மோசம். பழைய கிட்டார்களில் அடித்த நைட்ரோ லேக்கர் என்ற வார்னிஷ் தாளைவிட மெல்லிய பூச்சு. அதைச் சுரண்டினால் அதோடு நிற்காது, கீழே உள்ள மரமும் தேயும். மேல்பலகையே மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குள்தான். அதில் தேய்ப்பதற்கு என்ன இருக்கிறது? மேலே கெட்டியாகப் புதுப்பூச்சு ஏறினால் பலகை போர்வைக்குள்ளிருந்து பேசும். விற்கப் போனாலும் விலை விழும். என் கிட்டாரில் வலது முழங்கை படும் இடத்தில் பூச்சே இல்லை. முதல் மூன்று கட்டத்தில் நகம் பட்டுப்பட்டு விரல்பலகையில் பள்ளம். தலைப்பகுதியில், மீந்த கம்பி நுனியில் சிகரெட்டைச் செருகிவைத்து யாரோ சுட்ட ஒரு கறுப்புத் தழும்பு. பெரியப்பா புகைத்ததில்லை, அது அவருக்கு முன் வைத்திருந்தவரின் வேலை. இதையெல்லாம் அழித்து என்ன சாதிக்கப் போகிறோம்?

இனி கழுத்து. கட்டுரையின் பெரிய தவறு இங்கேதான். மார்ட்டின் கம்பெனி திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை வைக்க ஆரம்பித்தது 1985-இல். அதற்கு முந்தைய கழுத்தில் திருகவே ஒன்றும் இல்லை. என்னுடையதில் அசையாத எஃகுச் சட்டம் ஒன்று புதைந்திருக்கிறது, அவ்வளவுதான். கிப்சன் என்ற மற்றொரு கம்பெனியின் கிட்டார்களில் 1920-களிலேயே ட்ரஸ் ராட் வந்துவிட்டது, ஆனால் அதுவும் கம்பி உயரும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும், கழுத்து உடம்போடு சேரும் கோணத்தை அல்ல. லைட் செட் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 கிலோவையொட்டி இருக்கும். வருஷக்கணக்கில் அப்படி இழுபட்டால் பெட்டியே மெல்ல மடங்கி, கழுத்து முன்னால் சாயும், கம்பி மேலே ஏறும்.

என் கிட்டாருக்கும் அதுதான் நடந்தது. பன்னிரண்டாம் பிரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பிக்கடியில் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. விவரம் தெரியாத வயதில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் கழுத்தைத் தொடவில்லை. மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டையைச் சீவி உயரத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டார். கம்பி இறங்கியது, சத்தமும் கூடவே இறங்கியது. இரண்டு வருஷத்தில் மெலிந்துபோன பிரிட்ஜ், கம்பி நுனிகளைச் செருகும் துளை வரிசையோடு பிளந்தது. அது பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை இருப்பதால், ஈட்டி மரத்தில் புதுப் பிரிட்ஜ் செய்துதான் ஒட்ட முடிந்தது. விரல்பலகையின் நிறம் ஒன்று, பிரிட்ஜின் நிறம் ஒன்று. பார்க்கும்போதெல்லாம் என் அவசரபுத்தி நினைவுக்கு வரும்.

அப்புறம் வேறொருவர் அதை முறையாகச் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்தாம் பிரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாய் வழியே நீராவியை உள்ளே விட்டார். சில நிமிஷத்தில் குதிகாலின் (கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதி) ஓரத்தில் பழுப்பாக ஒழுக ஆரம்பித்தது. வச்சிரம்! பழைய தச்சர்கள் காய்ச்சிய அதே தோல் பசை. சூடும் ஈரமும் பட்டால் அது பிடியை விடும். பின்னால் வரப்போகிறவன் பிரிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே ஒட்டியது போல. கழுத்து 'டக்' என்று கழன்று வந்தது. குதிகாலில் அவர் சீவியது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. திரும்பப் பூட்டிக் கம்பி கட்டியபோது, பெரியப்பா மடியில் கேட்ட சத்தம் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே பழைய கிட்டாரைப் பார்ப்பவர்கள் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை பிரெட்டுகளின் மேல் பிரிட்ஜ் வரை வையுங்கள். நுனி பிரிட்ஜின் தலையைத் தொட்டால் கழுத்து நலம். கீழே போய் முட்டினால், கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்திப் பூட்டும் ரீசெட் செலவு காத்திருக்கிறது. பிரிட்ஜின் பின்னால் பலகை லேசாக உப்பியிருந்தால் கவலை வேண்டாம். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதம் நுழைந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

மற்றதை விட்டாலும், ட்ரஸ் ராட் பற்றிய அந்த வரிக்காவது அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். இல்லாத திருகைத் தேடி யாராவது கழுத்தைத் துளைப்பதற்குள்.

இப்படிக்கு,
0-17 வைத்திருக்கும் ஒரு வாசகர்