சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் பெயரில் இங்கிலாந்தில் காசு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பழைய இங்கிலாந்து வெள்ளிக் காசுகள் பற்றிய கட்டுரையில், 'சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் வெளியிட்ட பென்னி' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். அது அந்த முதலாம் ரிச்சர்ட் மன்னர் காலத்துக் காசே இல்லை. சிலுவையின் நான்கு கைகளும் விளிம்பு வரை போகின்றன பாருங்கள், அந்த நெடுஞ்சிலுவை வந்தது 1247-இல், மூன்றாம் ஹென்றி காலத்தில். ரிச்சர்ட் 1199-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காசின் ஓரத்தை நறுக்கி வெள்ளி சேர்ப்பவர்களைத் தடுக்கத்தான் சிலுவையை நீட்டினார்கள். ஒரு கை குட்டையானாலும் கண்ணில் பட்டுவிடும்.

சரி, ரிச்சர்ட் காலத்துக் காசு எப்படி இருக்கும்? அதில் அவர் பெயர் இருக்காது. அப்பா இரண்டாம் ஹென்றி 1180-இல் கொண்டுவந்த குறுஞ்சிலுவைக் காசை, ரிச்சர்டும் தம்பி ஜானும் இங்கிலாந்தில் 'ஹென்ரிகஸ் ரெக்ஸ்' (லத்தீனில் 'ஹென்றி ராஜா') என்று அப்பா பெயரிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் நானும் அசடு வழிந்தவன்தான். ஏழு வருடம் முன்பு ஒரு நாணயக் கண்காட்சியில் 'ரிச்சர்ட்' என்று எழுதிய உறையில் ஒரு பாதிக் காசு வாங்கினேன். தேய்ந்த எழுத்தில் '...ரிகஸ்' மட்டும் மிச்சம். ரிகார்டஸ், அதாவது லத்தீனில் ரிச்சர்ட்தான் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். ஒரு நாள் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முன்னால் ஒரு 'ன்' நிற்கிறது, ஹென்ரிகஸ்! மறு வருடம் அந்தக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "பெயரைப் பார்க்காதீர்கள், தாடியைப் பாருங்கள்" என்றார். புள்ளி புள்ளியாகக் குத்திய தாடி. ரிச்சர்ட் காலத்து அச்சுகளில் ராஜா முகம் அப்படித்தான், பிள்ளைகள் வரைந்த மாதிரி இருக்கும். உறையில் எழுதியிருந்தது சரி, நான் படித்ததுதான் தப்பு.

இன்னொன்று. கட்டுரையில் பாதிக் காசுகளை 'உடைந்தவை' என்று எழுதியிருக்கிறீர்கள். உடையவில்லை, வெட்டினார்கள். முதலாம் எட்வர்ட் 1280-இல் வட்டமான அரைப் பென்னி அடிக்கும் வரை, சில்லறை வேண்டுமென்றால் பென்னியைச் சிலுவைக் கோட்டில் இரண்டாகவோ நான்காகவோ வெட்டுவதுதான் வழக்கம். என்னிடம் இருக்கும் பாதியின் பின்பக்கத்தில் 'ஆன் லுன்' என்று இருக்கிறது, அதாவது லண்டனில் அடித்தது. அடித்தவர் பெயர், யாரோ எதற்கோ செலவழித்த மறுபாதியோடு போய்விட்டது.

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
லெஸ்டர், இங்கிலாந்து