கூடுதல் உழவு தீர்வாகாது

ஆசிரியருக்கு,

வணக்கம். மண் இறுகி விளைச்சல் குறைந்தால் இன்னும் இரண்டு சால் கூடுதலாக உழச் சொல்லும் ஆலோசனையைத் தங்கள் வேளாண் பக்கத்தில் படித்தேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பல நிலங்களில் மண் இறுகுவதே அப்படித்தான்.

ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் (டிராக்டரில் பூட்டும் சுழல்கத்திக் கலப்பை) ஓட்டினால் மேலே நான்கைந்து அங்குலம் பொலபொலவென்று ஆகிவிடும். கத்தி தேய்த்துச் செல்லும் மட்டத்திலோ கடினத்தட்டு என்னும் இறுகிய மண் அடுக்கு உருவாகிறது. மழை பெய்தால் நீர் அதன்மேல் தேங்கி வேர் மூச்சுத் திணறும். மழை நின்றால், அடியில் ஈரம் இருந்தும் எட்டாமல் பயிர் வாடும். பருத்தியையோ துவரையையோ தோண்டி எடுத்துப் பாருங்கள். ஆணிவேர் நேரே இறங்காமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் அடியில் தட்டு இருக்கிறது என்று பொருள். எவ்வளவு உரம் போட்டாலும் அந்த வேர் கீழே போகாது.

எத்தனை முறை உழுதோம் என்பதைவிட எந்த ஈரத்தில் உழுதோம் என்பதே முக்கியம். கலப்பை போகும் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டும்போது உதிராமல் கயிறாகத் திரிந்தால், டிராக்டரை வயலுக்குள் இறக்கக் கூடாது. சக்கரம் முதல் முறை ஏறும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. வாடகை வண்டி கிடைத்த அன்றே உழுதாக வேண்டிய நெருக்கடியை நானும் அறிவேன். அப்போதும் வண்டி ஒரே தடத்தில் போய்வந்தால் மற்ற இடமாவது தப்பும். கனத்த அறுவடை இயந்திரம் ஈர நிலத்தில் ஏறினால், வழக்கமான கலப்பை எட்டாத ஆழத்திலும் மண் இறுகிப் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

நெல் வயல் வேறு. நீர் கீழே இறங்காமலிருக்கத் தட்டு அங்கே தேவை. சேற்றுழவின் நோக்கங்களில் அதுவும் ஒன்று. அடுத்து விதைக்கும் உளுந்துக்குத்தான் அது இடையூறு.

தட்டை உடைக்க, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை உதவும். ஆனால் இரும்புக் கம்பியைக் குத்தித் தட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மண் காய்ந்திருக்கும்போது, அதற்குச் சற்றுக் கீழே போகும்படி ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கீறல் விழுமே தவிர தட்டு நொறுங்காது. பிறகு தொழுவுரமும் ஆழ வேர்விடும் பசுந்தாள் பயிரும் அவசியம். மறுபடி பழையபடி உழுதால் தட்டும் திரும்பிவிடும்.

உழவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறுகிய நிலத்தில் திடீரென உழவை நிறுத்தினால் முதல் சில பருவங்களில் விளைச்சல் குறையக்கூடும். அடுத்த முறை உழவு பற்றி எழுதும்போது கம்பிச் சோதனையையும் ஈரப் பதத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி