வேலி முடிந்தபோது உள்ளே யார் இருந்தார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ (வேலிகள்) நாடகத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்த நாடகத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதே அரிது, அதற்கு முதலில் நன்றி. ஆனால் நாடகத்தில் வரும் வேலியை ‘இனவெறியின் குறியீடு’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. வேலி போடச் சொல்பவள் ரோஸ். போடுபவன் அவள் கணவன் டிராய். இருவரும் கறுப்பர்கள். நாடகம் முழுக்க ஒரு வெள்ளைக்காரர்கூட மேடைக்கு வருவதில்லை. அப்படியிருக்க, அந்த வேலியை வெளியிலிருந்து வந்த தடையாக மட்டும் எப்படிப் பார்க்க முடியும்?

வெளியிலிருந்து வந்த தடை இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. கதை 1957இல் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்குகிறது. டிராய்க்கு அப்போது வயது 53, குப்பை அள்ளும் வேலை. ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த பேஸ்பால் அணிகளில் பெரிய அடி அடித்தவன். வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த பெரிய அணிகளில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் 1947இல் சேர்ந்து அந்த நிறத்தடையை உடைத்தபோது டிராய் நாற்பதைத் தாண்டிவிட்டான். ‘வயதாகிவிட்டது, அதனால்தான் உன்னை எடுக்கவில்லை’ என்கிறாள் ரோஸ். அவன் ஒத்துக்கொள்வதே இல்லை, நிறம்தான் காரணம் என்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் எனக்கு வலிக்கிற இடம். ஆனால் இந்தத் தடையெல்லாம் திரை விலகும் முன்பே நடந்து முடிந்த கதை. மேடையில் நம் கண் முன்னால் எழும்புவது மரவேலி மட்டும்தான். அதனால் அது எதைக் குறிக்கிறது என்பதைவிட, எப்போது, யார் கையால் எழும்புகிறது என்று பார்த்தால் நாடகம் நன்றாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் பலகைகள் முற்றத்தின் ஓரத்தில் சும்மா கிடக்கின்றன. ரோஸ் துணி காயப்போடும்போது, இயேசுவே என்னைச் சுற்றி வேலியாக இரு என்று பாடுகிறாள். அவளுக்கு வேலி என்றால் குடும்பம் சிதறாமல் இருப்பது. டிராய்க்கு அது புரியவில்லை. சிலர் ஆட்களை வெளியே நிறுத்த வேலி போடுவார்கள், சிலர் உள்ளே வைத்துக்கொள்ளப் போடுவார்கள் என்று நண்பன் போனோதான் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அப்போதே அவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது. பலகைகள் ஏன் அத்தனை நாள் தரையில் கிடந்தன என்று எனக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

மகன் கோரியும் அப்பாவும் சேர்ந்து வேலிக்குப் பலகை அறுக்கிற காட்சியைக் கட்டுரை தொடவே இல்லை. ‘உங்களுக்கு ஏன் என்னைப் பிடிக்கவே இல்லை?’ என்று கோரி கேட்பது அந்தக் காட்சியில்தான். சோறு போடுகிறேன், கூரை கொடுத்திருக்கிறேன், அது என் கடமை. பிடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று திருப்பிக் கேட்கிறான் டிராய். வேலிக்கு மரம் தயாராகிற நேரத்திலேயே இருவருக்கும் நடுவே இன்னொரு வேலி எழும்பிவிடுகிறது. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து விளையாட மகனுக்கு வந்த வாய்ப்பையும் கடைசியில் அப்பாவே கெடுக்கிறான். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

வேலி கட்டி முடிகிற நேரத்தைப் பாருங்கள். டிராயோடு தொடர்பிலிருந்த அந்தப் பெண் பிரசவத்தில் இறந்துபோகிறாள். அன்றைக்கு டிராய் மரணத்தைக் கூப்பிட்டுச் சவால் விடுகிறான்: எனக்கு உரியதைச் சுற்றி வேலி போடப்போகிறேன், நீ அந்தப் பக்கமே நில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். தாயில்லாப் பிள்ளைக்கு ரோஸ் தாயாகிறாள். ஆனால் இனி உனக்கு மனைவி இல்லை என்று அவனிடம் சொல்லிவிடுகிறாள். போனோ வருவதும் குறைந்துவிட்டது. கறுப்பர்கள் ஏன் லாரி ஓட்டக் கூடாது என்று கேட்டுச் சண்டை போட்டு ஓட்டுநராகியும், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். வேலி முடிந்துவிட்டது, உள்ளே வைத்துக்கொள்ளத்தான் யாரும் இல்லை. மகனை அடித்துத் துரத்தும்போது, உன் சாமான்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் என்கிறான். மரணத்துக்குக் காட்டிய அதே அந்தப் பக்கத்தை மகனுக்கும் காட்டுகிறான். அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. அந்த வீட்டை வாங்கிய பணம், போரில் தலையில் காயம்பட்ட தம்பி கேப்ரியலுக்கு வந்த இழப்பீடு, 3,000 டாலர். அதே தம்பியை மருத்துவமனைக்கு அனுப்பும் தாளில் டிராய் கையெழுத்துப் போடுகிறான். எழுதியதைப் படிக்கத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்கிறான். எப்படியோ, யாருடைய காயத்தால் அந்த முற்றம் வந்ததோ அவனும் வேலிக்கு வெளியே போய்விடுகிறான்.

அதனால்தான், கடைசிக் காட்சி ‘யதார்த்தத்துக்குப் பொருந்தாமல் ஒட்டவைத்தது’ என்று கட்டுரையாளர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. 1965, டிராயின் இறுதிச் சடங்கு நாள். ராணுவ உடையில் திரும்பிவந்த கோரி, அப்பாவின் அடக்கத்துக்குப் போக மாட்டேன் என்கிறான். அப்புறம், அன்று டிராய் தூக்கிவந்த அந்தக் குழந்தையான தங்கையோடு உட்கார்ந்து, அப்பா பாடும் ஒரு நாயைப் பற்றிய பாட்டைப் பாடுகிறான். காயத்துக்குப் பிறகு தன்னைத் தேவதூதன் கேப்ரியல் என்றே நம்பும் தம்பி கேப்ரியல் மருத்துவமனையிலிருந்து ட்ரம்பெட்டோடு வருகிறான். அண்ணனுக்காகச் சொர்க்கத்தின் கதவைத் திறக்க வேண்டும் என்று ஊதிப் பார்க்கிறான். வாய்வைக்கும் முனை அதில் இல்லை, சத்தம் வரவில்லை. உடனே ஆடத் தொடங்குகிறான், பாட்டு என்று சொல்ல முடியாத ஓலம் ஒன்று அவனிடமிருந்து எழும்புகிறது. கதவு திறக்கிறது. நாடகம் முழுக்க ஒவ்வொரு ஆளாக வேலிக்கு வெளியே தள்ளியவனுக்குக் கதவைத் திறந்துவிட வருவது, அவன் வெளியே அனுப்பிய தம்பி. இதையா ஒட்டவைத்தது என்பது? எழுதியவர் அந்தக் காட்சியை மட்டுமாவது இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி