பர்மாவைச் சோழர் ஆண்டார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பர்மாவில், இப்போது பகோ என்று சொல்லும் பெகுவில் இருந்து எழுதுகிறேன். சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட பர்மா கட்டுரையை இங்கே நாங்கள் நாலைந்து பேர் டீக்கடையில் உட்கார்ந்து போனில் படித்தோம். சோழர் கொடி பறந்த பூமி என்று போட்டிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்போது பறந்தது என்று கட்டுரையில் எங்குமே இல்லை.

1025இல் ராஜேந்திர சோழன் படை அனுப்பியது சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மேல். அவன் வெற்றிகளைப் புகழ்ந்து கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்தியில் வரும் மாப்பப்பாளம் என்ற ஊர் எங்கள் கரையோரம்தான் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும், வந்து அடித்துவிட்டுப் போனால் ஆண்டதாக ஆகிவிடுமா? இங்கே ஆண்டவர்கள் பியூ இனத்தார், 1044இல் அனவ்ரதா பட்டம் ஏறிய பிறகு பகான் அரசர்கள், பெகுவில் மோன் இனத்தார், அப்புறம் தௌங்கூ வம்சம், கடைசியாக 1885இல் தீபோ மன்னனை வெள்ளைக்காரன் நாடு கடத்தும் வரை கொன்பௌங் வம்சம்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். பியே ஊரில் பகான் அரசன் சான்சித்தா வைத்த மோன் மொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. புத்தரின் பெருமையைப் பொன்னேட்டில் எழுதி ஒரு சோழ இளவரசனுக்கு அனுப்பினானாம், அவனும் அதைக் கேட்டு மனம் மாறிப் புத்தரை ஏற்றுக்கொண்டானாம். இதை நம்பி இங்கே ஒரு பத்திரிகை ‘சோழரை மதம் மாற்றிய பர்மா’ என்று எழுதினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்ததை இரண்டு பக்கமும் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பகான் பக்கம் மியின்கபா கிராமத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. மேலே முகுந்தமாலை என்ற சமஸ்கிருதப் பெருமாள் துதியின் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பக்கமிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்ததாகச் சொல்கிறது. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்த நானாதேசிகளின் கோயில். படையும் இல்லை, கொடியும் இல்லை. பௌத்த அரசனின் தலைநகரில் பெருமாளுக்குக் கோயில் இருந்திருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. பியூ, மோன், பாலி, பர்மிய மொழி நான்கிலும் வெட்டிய புகழ்பெற்ற மியாசேடிக் கல்லும் இதே கிராமத்தில்தான் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டுமே இல்லை!

பெகுவைப் பற்றியும் ‘சோழர் வென்ற துறைமுகம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். தௌங்கூ அரசன் பயின்னவுங் இங்கே கட்டிய கம்போசதாடி அரண்மனையின் தேக்குத் தூண்கள் மண்ணுக்கடியில் இருந்து எடுக்கப்பட்டன. எந்தத் தூணை எந்த ஊர் கொடுத்தது என்று அதிலேயே மோன் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்திருந்தால் உங்கள் நிருபருக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்திருக்கும்.

அடுத்த முறை யாரையாவது அனுப்பும்போது மியின்கபாவுக்கும் பெகுவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள், ஊரைச் சுற்றிக்காட்ட நாங்கள் இருக்கிறோம். அப்புறம், பகான் என்று நீங்கள் போட்ட படம் யாங்கோனில் உள்ள ஷ்வேடகோன் பகோடா. அதையாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பெகு வாசகன்