பஞ்சு சாப்பிடுகிறானா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அதில் ஏழு நிமிடம் அம்மா பேசுகிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தம்பி மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ராசுவுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. கண்ணில் நீலம் பூத்தாற்போல இருக்கிறதே என்று பயந்து டாக்டரிடம் கொண்டுபோனேன். புரை இல்லையாம். வயதானால் நாய்க்குக் கண்ணுக்குள் லென்ஸ் இறுகி அப்படித் தெரியும், பார்வை ரொம்பக் கெடாது என்றார். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டால் இப்போதும் எழுந்து வாசலுக்குத்தான் போகிறான். போனுக்குள்ளிருந்து குரல் வருகிறது என்று பன்னிரண்டு வருஷமாகியும் அவனுக்குப் புரியவில்லை.

சரி, பஞ்சு எப்படி இருக்கிறான்?

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினாயே, இரண்டு விநாடி. கட்டிலுக்கு அடியில் கண் இரண்டு மட்டும் தெரிந்தது. நாம் பேசும்போதெல்லாம் கேமராவை மறைத்துக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டி நடப்பவன் அவன். உன் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறானே என்று நான் எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன். இந்தத் தடவை உன் முகம் முழுசாகத் தெரிந்தது.

நன்றாகச் சாப்பிடுகிறானா? எழுது. பூனை விரதம் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் பஞ்சு மாதிரி கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே படுத்துவிடும். நாய் என்றால் ஒரு நாள் பட்டினி கிடந்து மறுநாள் சேர்த்துத் தின்றுவிடும். பூனை அப்படி இல்லை.

அப்புறம், மூத்திரம் சரியாகப் போகிறானா? சிரிக்காதே. ஆண் பூனைக்கு மனசு சரியில்லாவிட்டால் அது முதலில் மூத்திரப்பையில்தான் தெரியும். வீட்டில் ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் சில பூனைகளுக்கு அங்கே அழற்சி வந்துவிடுகிறது. குழாய் அடைத்துக்கொண்டால் மணல் தட்டில் போய்ப் போய் உட்காரும், முக்கும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். அப்படிப் பார்த்தால் ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் கொண்டுபோய்விடு.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாய். நீ பஞ்சுவை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து நான் பூனையைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் வேலையைப் பற்றிக் கேட்டால் நீ சொல்வது எனக்குப் புரிவதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, இரண்டு கேள்விதான் என்னிடம் உண்டு. இரண்டுக்கும் 'ம்' என்பாய். பூனையைப் பற்றிக் கேட்டால்தான் நீ வாய் திறந்து பேசுகிறாய். அதற்காகப் படிக்க ஆரம்பித்தது, இப்போது பழக்கமாகிவிட்டது.

நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்று சொல்வார்களே, அது அவ்வளவு சரியில்லையாம். அமெரிக்காவில் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். பழக்கமில்லாத ஒரு அறையில் பூனையை வளர்த்தவரோடு விட்டு, அவரை மட்டும் இரண்டு நிமிடம் வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே வரச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளை வைத்துச் செய்யும் சோதனைதான் இது. 100-க்கு 64 பூனைகள், ஆள் திரும்பி வந்ததும் பதற்றம் அடங்கி, பழையபடி அறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டன. குழந்தைகளிலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். தெரியாத அறை என்றாலும் தன் ஆள் ஒருவர் இருந்தால் போதும் என்று இருக்கிறது அதற்கு. உனக்குத்தான் எழுதுகிறேன் இதை, பஞ்சுவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஆனாலும், இடம் மாறினால் முதலில் வீடு முழுக்கத் திறந்துவிடாமல் ஒரே ஒரு அறையில் வைக்க வேண்டும். தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. பழைய போர்வையைத் துவைக்காதே. பூனை கன்னத்தை மூலை மூலையாக உரசுவது அதன் வாசனையை அங்கே வைப்பதற்கு. எல்லா மூலையிலும் அதன் வாசனை ஏறும்வரை அது அடுத்தவர் வீடுதான். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதே. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் உன்னைப் பார்க்கும்போது கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திற. இப்படிச் செய்தால் பூனையும் திருப்பிக் கண்ணை மூடித் திறக்கும், பக்கத்திலும் வரும் என்று இங்கிலாந்தில் 2020-இல் ஒரு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நான் ராசுவிடம் செய்துபார்த்தேன். கொட்டாவி விட்டான்.

இடம் மாறினால் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

பேச்சுக்கு இல்லை. உன் பின்னால் இருந்த சுவர் வெளிர் பச்சை. முன்பெல்லாம் வெள்ளைச் சுவர், அதில் உங்கள் கல்யாணப் படம். அம்மா கவனிக்கவில்லை. ஏழு நிமிடமும் பேசிக்கொண்டே இருந்தால் எப்படிக் கவனிப்பது? நானும் சொல்லவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்று இருக்கிறேன். ஆனால் நாலு வாரமாக 'பிஸி'ப்பா, 'பிஸி'ப்பா என்றால் எப்படி? ஒரு வரி எழுத முடியாத வேலை எந்த ஊரிலும் கிடையாது. பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரத் தெரிந்த பெண்ணுக்கு அப்பாவுக்கு ஒரு போன் போடத் தெரியாதா?

கோபமாக எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன், இருக்கட்டும். பஞ்சுவை விட்டுவிட்டு வராததில் எனக்குப் பெருமைதான். சைப்ரஸ் தீவில் ஒரு புதைகுழியைத் தோண்டி எடுத்து 2004-இல் எழுதியிருக்கிறார்கள். சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தையது. ஒரு மனிதர், நாற்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு பூனை, எட்டு மாதக் குட்டி. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனையே கிடையாது. யாரோ ஒருவர் படகில் ஏறும்போது, எடுத்துக்கொண்டு போக வேண்டிய சாமான்களோடு பூனையையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார். அதைப் படித்தபோது நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

ராசு இன்று இருப்பதும் உன்னால்தானே. கண் திறக்காத குட்டி, தாய் இல்லை. பரீட்சை நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து சிரிஞ்சில் பாலூட்டினாய். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும் என்று யாரிடமோ கேட்டுவந்து செய்தாய். நான் மார்க் போய்விடும் என்று கத்தினேன். மார்க்கும் போகவில்லை, குட்டியும் போகவில்லை. அன்று உன்னிடம் சபாஷ் என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லாமல் விட்டது இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை எடுத்ததே அதற்காகத்தான் போலிருக்கிறது. இவ்வளவு நேரம் எங்கெங்கோ சுற்றிவிட்டேன்.

சின்னான் விஷயம். உனக்குப் பதினோரு வயது. அவனுக்கு உடம்பு கொதித்தது, மூலையில் சுருண்டு கிடந்தான். நீ அழுதபடியே தூங்கிவிட்டாய். ராத்திரி பதினோரு மணி இருக்கும். வீட்டில் பாராசிட்டமால் இருந்தது. மனுஷனுக்குக் கேட்பது பூனைக்குக் கேட்காதா என்று நினைத்தேன். ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து, பாதியைப் பாலில் கரைத்து, ஸ்பூனால் வாயில் விட்டேன். விடியற்காலையில் மீதிப் பாதி. நீ எழுந்து வந்தபோது அவன் முகம் வீங்கியிருந்தது, பாதமும் வீங்கியிருந்தது. நான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும், அதனால்தான் அந்த நிறம். ஒரு மாத்திரையே போதும். அன்று எனக்கு இது தெரியாது, பஞ்சு வந்த பிறகு படித்ததுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் டாக்டர் கேட்டாரே. "மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இல்லை என்றேன். அதற்கு மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ.

திரும்பி வரும்போது, "நீ ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சே, வெளியே போய் எதையோ தின்னுட்டு வந்திருக்கு" என்றேன். அழாதே, பூனைதானே என்றும் சொன்னேன். எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் வீட்டில் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். உன்னை நான் ஒரு நாள் லீவு போடக்கூட விடவில்லை.

அதிலிருந்து நீ படுக்கப் போகுமுன் ஜன்னலை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாய். கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரியும் பார்த்தாய். நான் ஹாலில் படுத்திருந்தேன், தாழ்ப்பாள் சத்தம் மூன்று தடவை கேட்டது. எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்துக்கொண்டேன்.

பாப்பா, நீ அன்று ஜன்னலைத் திறக்கவே இல்லை. காற்று வரட்டும் என்று நான்தான் திறந்தேன்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் போனில் என்றைக்காவது, 'என் தப்புதான்ப்பா' என்று நீ ஆரம்பித்தால் நான் நம்பமாட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சின்னான் விஷயம் இன்னும் தெரியாது. அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வழக்கமாகக் கடைசியில் மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று எழுதுவேன். இந்தத் தடவை எழுதவில்லை, தப்பாக நினைக்காதே. பஞ்சு சாப்பிடுகிறானா என்று மட்டும் எழுது. மூத்திரம் போகிறானா என்றும் எழுது. வீட்டுக்கு யாராவது பூங்கொத்து கொண்டுவந்தால் அதில் லில்லி இருக்கிறதா என்று பார். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

முந்தாநாள் உன் அறையை ஒட்டடை அடித்தோம். அப்படியே ஜன்னலுக்குக் கம்பிவலையும் அடித்துவிட்டேன், பூனை போகாத அளவுக்கு நெருக்கமான வலை. ராசுவுக்கு எதற்கு இது என்று அம்மா கேட்டாள். அவனால் இப்போது சோபாவிலேயே ஏற முடிவதில்லை.

அப்பா