விலைக் கவரைப் பிரிக்கும் முன் ட்ரோனைப் பிரித்துப் பாருங்கள்

ராணுவத்துக்குச் சிறு ட்ரோன்கள் வாங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவையில் ட்ரோன் மோட்டாருக்குக் காயில் சுற்றும் சிறு பட்டறை எங்களுடையது. டெண்டரில் நேராக நிற்கும் வசதி எங்களுக்கு இல்லை. நிற்பவர்களுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். அண்மையில் ஒரு டெண்டரில் எங்கள் மோட்டாரைப் போட்டவர் தோற்றார். எல்1, அதாவது ஆகக் குறைந்த விலை சொல்லி ஜெயித்தவர், சொன்ன விலைக்கு இங்கே செம்புக் கம்பிகூட வாங்க முடியாது.

அந்த எல்1 ட்ரோன் ஒன்று, டெமோவில் விழுந்து மோட்டார் கருகி, யார் யார் கையோ மாறி எங்கள் மேசைக்கே ரிப்பேருக்கு வந்தது. நாலு ஸ்க்ரூ கழற்றினோம். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டில் சிப்பின் மேலிருந்த எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பக்கத்தில் மூவர்ண ஸ்டிக்கர். அதை நகத்தால் உரித்தால் அடியில் சீன எழுத்து இரண்டு மிச்சம். தேய்த்தவருக்குப் பொறுமை போதவில்லை போலும்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது, பாகங்களுக்கு வரவில்லை. 2025 பிப்ரவரியில் சீனப் பாகங்களைக் காரணம் காட்டி 400 ட்ரோன்களுக்கான ஆர்டர்கள் ரத்தாயின. மதிப்பு 230 கோடி ரூபாய். விலைக் கவரைப் பிரிக்கும் முன் ட்ரோனைப் பிரித்துப் பார்த்திருந்தால் அந்தத் தலைவலியே இல்லையே?

எங்கள் மோட்டாரின் காந்தமும் சீனாவிலிருந்து வருவதுதான். பில்லிலேயே எழுதித் தருகிறோம். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில், இந்தக் காந்தத்துக்கு மூலப்பொருளான அருமண் தாது மணலை அள்ளிக்கொண்டே காந்தத்துக்கு அவர்களிடம் கையேந்தும் நாடு இது. 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதியை இறுக்கியதிலிருந்து இங்கே கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை, காந்தத்துக்குத்தான் பஞ்சம். அது வேறு வழக்கு, விடுங்கள். காந்தம் உளவு சொல்லாது. போர்டு சொல்லும். ஜவான் கையிலிருந்து எழும்பும் ட்ரோன் எங்கே போகிறது, எங்கே திரும்பி இறங்குகிறது எல்லாம் அந்த போர்டுக்குத் தெரியும். அதன் மென்பொருளை எழுதியது யார் என்று கேட்காமல், விற்பவர் தரும் உறுதிமொழிக் கடிதத்தை ஃபைலில் கோத்துவிடுகிறீர்கள். கடிதமா ஐயா பறக்கப்போகிறது?

உக்ரைனில் சில நூறு டாலர் ட்ரோன் டாங்கியை முடக்குவதைப் பார்த்தாயிற்று. இனி ஆயிரக்கணக்கில் வாங்கத்தான் போகிறீர்கள். அதனால் தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறோம்: விலைக் கவரைப் பிரிக்கும் முன் ட்ரோனைப் பிரித்துப் பாருங்கள். வரும் ட்ரோன்களில் ஒன்றை நீங்களே பொறுக்கி எடுத்து போர்டு, ரேடியோ, ஜிபிஎஸ் மூன்றையும் கழற்றுங்கள். எழுத்துத் தேய்த்த சிப் இருந்தால் அங்கேயே நிராகரியுங்கள். பாகம் எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுப்பவர்களை அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், வருகிறோம். ரயில் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
காயில் சுற்றும் பட்டறைக்காரன்,
கோவை