சாமுவேலும் இஸ்மவேலும் ஒரே பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்குச் சூட்ட ஏற்ற விவிலியப் பெயர்கள் என்று தங்கள் இதழில் வந்த பட்டியலில், சாமுவேல், இஸ்மவேல் இரண்டுக்கும் எதிரே 'கடவுள் கேட்டார்' என்றே அச்சாகியிருக்கிறது. இஸ்மவேலுக்கு அது சரி. சாமுவேலுக்குச் சரியல்ல.

குழப்பம் 'கேள்' என்ற நம் வினையிலேயே இருக்கிறது. எபிரேயத்தில் காதால் கேட்பது 'ஷாமா', வேண்டிக் கேட்பது 'ஷாஅல்'. தமிழில் இரண்டுமே கேட்டல்தான். ஆகாரின் அங்கலாய்ப்பைக் கர்த்தர் கேட்டதால் பிள்ளைக்கு இஸ்மவேல் என்று பெயர் (ஆதியாகமம் 16:11); இது ஷாமா. லேயாள் சிமியோனுக்குப் பெயரிட்டதும் அதே வினையைக் கொண்டுதான் (29:33). சாமுவேலின் தாய் அன்னாளோ 'கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்' என்கிறாள் (1 சாமுவேல் 1:20). இது ஷாஅல். இந்த வேரிலிருந்து நேராகப் பிறக்கும் பெயர் சவுல், அதாவது கேட்டுப் பெற்றவன். அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் அன்னாள் தன் மகனைப் பற்றிச் சொல்லும் எபிரேயச் சொல்லும் 'ஷாஊல்' என்பதே. பின்னால் வரப்போகும் அரசன் சவுலின் பெயர் சாமுவேலின் பிறப்புக் கதையிலேயே ஒலிப்பதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

சாமுவேல் என்பதன் எபிரேய வடிவம் ஷெமுஏல். ஷெம் என்றால் பெயர், ஏல் என்றால் கடவுள். 'கடவுளின் பெயர்' அல்லது 'அவர் பெயர் ஏல்' என்று பிரிப்பதே எழுத்துக்குப் பொருந்துகிறது. ஷாமா என்ற வினையின் கடைசி மெய் 'ஐன்' என்ற எபிரேய எழுத்து. இஸ்மவேலின் எழுத்துகளில் அது இருக்கிறது. சாமுவேலின் எழுத்துகளில் இல்லை.

அப்படியானால் அன்னாள் சொன்ன விளக்கம் தவறா என்று கேட்கக் கூடாது. வேதத்தில் பிறப்பின்போது சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒலி ஒப்புமையால் ஆனது. அது இலக்கணம் அல்ல, அந்தப் பிள்ளையைப் பற்றிய சாட்சி. மோசேயும் அப்படித்தான். பார்வோனின் குமாரத்தி 'ஜலத்திலிருந்து எடுத்தேன்' என்கிறாள் (யாத்திராகமம் 2:10). எடுப்பதற்கு அங்கே வரும் வினை 'மாஷா'. ஆனால் மோஷே என்ற வடிவம் 'எடுக்கப்பட்டவன்' ஆகாது, 'எடுப்பவன்' என்றே ஆகும். பெயரின் மூலம் எகிப்திய மொழி என்பது ஆய்வாளர் பலரின் முடிவு: தூத்மோஸ், ராமேசஸ் என்ற பெயர்களில் உள்ள, 'பிறந்த' என்னும் பொருள்கொண்ட சொல்லே இதிலும் இருக்கிறது. ஒரு பட்டியல் வசனம் தரும் விளக்கம், சொல்லின் வேர் என்ற இந்த இரண்டையும் தனித்தனியாகத் தர வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைப்பதால்தான் பிழை வருகிறது.

தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து வேர் தேடுவதும் ஆபத்து. சாமுவேல், சாராள், செப்பனியா, சகரியா நான்கும் நமக்குச் சகரத்தில் தொடங்குகின்றன. எபிரேயத்தில் அவை முறையே ஷின், சின், த்ஸாதே, ஸாயின் என்று வெவ்வேறு ஒலிகள். எபிரேயப் பெயர் ஹன்னாவின் முதல் மெய் நம் அன்னாளில் மறைந்துவிட்டது. ஆனாலும் நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களின் கவனத்தை மெச்ச வேண்டும். தீர்க்கதரிசி ஆமோஸ் வேறு, ஏசாயாவின் தகப்பன் ஆமோத்ஸ் வேறு. முன்னது 'சுமத்தல்' என்ற வேர், பின்னது 'வலிமை' என்ற வேர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒரே மாதிரி எழுதியதால், ஏசாயா அந்தத் தீர்க்கதரிசியின் மகன் என்றே அக்காலத்தில் சிலர் நம்பினார்கள். தமிழ் வேதாகமத்தை வாசிப்பவருக்கு அந்தத் தவறு நேராது.

பெயரின் முன்னால் வரும் 'யோ', பின்னால் வரும் 'யா' இரண்டும் பல இடங்களில் கர்த்தருடைய திருப்பெயரின் சுருக்கம். யோனத்தானும் நெத்தனியாவும் ஒரே பொருள்: கர்த்தர் தந்தார். யோவானும் அனனியாவும் அதேபோல, கர்த்தர் அருளினார். ஆனால் யோனா என்றால் புறா. யோசேப்பின் வேர் 'கூட்டுதல், பெருக்குதல்' (ஆதியாகமம் 30:24). தங்கள் பட்டியல் இவ்விரண்டிலும் 'கர்த்தர்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது. பெயருக்குள் அது இல்லை.

பொருளறிந்து பெயரைத் தமிழாக்கும் வழக்கமும் இங்கே இருந்தது. கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்றார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும் யோசேப்பை வளன் என்றும் அழைக்கிறார். அருள், கருணை, வளம் ஒவ்வொன்றும் எபிரேய வேருக்கு நேராக நிற்கிறது. இந்தத் தமிழ்ப் பெயர்களும் தங்கள் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதானால், ஒவ்வொரு பெயருக்கும் எபிரேய உச்சரிப்பு, வேர்ச்சொல், பெயரிடும் வசனம் இருந்தால் அதன் எண், இவை மூன்றையும் தனித்தனிப் பத்தியில் அச்சிடுங்கள். வேர் உறுதியாகத் தெரியாத பெயர்களுக்கு அந்தப் பத்தி வெறுமையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை